ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்ய 20 நாள்

சித்திரவதை பலன் தருமா, தராதா என்ற வாதத்தில் இரண்டு பக்கத்தாரும் பெரும்பாலும் கற்பனைக் கதைதான் சொல்வார்கள். எங்கோ ஒரு வெடிகுண்டு, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இடம் தெரிந்த ஒரே ஆள் நம் கையில் இருக்கிறான், இப்போது என்ன செய்வீர்கள்? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார் ஒருவர். அடி தாங்காதவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான் என்பார் மற்றவர். கேட்க இரண்டும் சரி போலத்தான் இருக்கும்.

2002இல் அமெரிக்கா பிடித்து ரகசியமாக விசாரித்த அபு சுபைதா என்ற கைதியின் விஷயம் அப்படியல்ல. இதில் கோப்பு இருக்கிறது. ஒரே கைதியை முதலில் ஒரு குழு பேச்சுக் கொடுத்து விசாரித்தது. பிறகு இன்னொரு குழு உடலை வதைத்து விசாரித்தது. என்ன செய்தார்கள், எத்தனை முறை செய்தார்கள், அன்றன்றைக்குத் தலைமையகத்துக்கு என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் சி.ஐ.ஏ.வின் சொந்தத் தந்திகளிலேயே பதிவாகியிருக்கிறது. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 60 லட்சம் பக்கங்களுக்கு மேல் அலசி ஓர் அறிக்கை எழுதியது. அதன் சுருக்கம் 2014 டிசம்பர் 9 அன்று வெளியானது. சுருக்கமே 500 பக்கத்துக்கு மேல். முழு அறிக்கை 6,700 பக்கம். அது இன்னும் வெளிவரவில்லை.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது வதையின் அளவு மட்டும் அல்ல. வதைத்தவர்கள் எதை வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள் என்பதுதான். அதற்கு வருகிறேன்.

பிடிபட்டவர்

2002 மார்ச் 28 அன்று பாகிஸ்தானின் பைசலாபாத் நகரில் நடந்த சோதனையில் அவர் சிக்கினார். தப்பிக்க முயன்றபோது தொடையிலும் அடிவயிற்றுப் பகுதியிலும் குண்டடி. இயற்பெயர் செய்ன் அல் ஆபிதீன் முகம்மது ஹுசைன். 1971இல் சவூதி அரேபியாவில் பிறந்த பாலஸ்தீனர். ஆப்கன் பயிற்சி முகாம்களுக்கு ஆட்களை அனுப்பிவைக்கும் வேலையில் இருந்தவர். 1990களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் தலையில் பலத்த காயம்பட்டு, கொஞ்ச காலம் பேச்சும் நினைவும் தடுமாறிக் கிடந்தவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஏனென்றால் இது ஒரு மனிதரின் நினைவிலிருந்து தகவல் எடுக்கும் கதை.

அல் கொய்தாவின் மூன்றாவது அல்லது நான்காவது பெரிய ஆள் என்று வாஷிங்டன் அவரைப் பற்றி நினைத்தது. விசாரணையை எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அந்த இயக்கத்துக்குக் கையேடு எழுதியவரே இவர்தான் என்றும் சி.ஐ.ஏ. நம்பியது. இரண்டும் நிரூபணமாகவில்லை. அவர் அல் கொய்தாவின் உறுப்பினர் என்றோ, செப்டம்பர் 11 தாக்குதலை முன்கூட்டியே அறிந்தவர் என்றோ தான் வாதிடவில்லை என்று 2009இல் அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. ஆனால் 2002இல் எல்லா முடிவுகளும் அந்த நம்பிக்கையின் மேல்தான் எடுக்கப்பட்டன. தெரியாது என்று அவர் சொன்னபோதெல்லாம், அது தெரியாமை என்று யாருக்கும் தோன்றவில்லை. பயிற்சி பெற்றவனின் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஐஸ்கட்டி

அவரைத் தாய்லாந்தில் இருந்த ஒரு ரகசிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். செனட் அறிக்கையில் நாட்டின் பெயர் மறைக்கப்பட்டு, அந்த இடத்துக்கு 'பச்சை' என்ற குறிப்பெயர் மட்டும் இருக்கும். முதலில் விசாரித்தவர்கள் எஃப்.பி.ஐ. அதிகாரிகளான அலி சூஃபானும் ஸ்டீவ் காடினும். சூஃபானுக்கு அரபு தாய்மொழி. கைதியின் தாய் சிறுவயதில் அவரைக் கூப்பிட்ட செல்லப்பெயர் 'ஹானி' என்பது கோப்பில் இருந்தது. சூஃபான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். காயத்தில் சீழ் பிடித்துச் சாகக்கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உதட்டில் ஐஸ்கட்டி வைத்து, பக்கத்திலேயே இருந்து பேச்சுக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 10 வாக்கில் ஒரு பெரிய தகவல் வந்தது. சூஃபான் பின்னாளில் சொன்னபடி, வேறொருவரின் படத்தைக் காட்டப்போன இடத்தில் தவறி காலித் ஷேக் முகம்மதின் படம் வந்துவிட்டது. இவர்தான் 'முக்தார்', செப்டம்பர் 11 தாக்குதலுக்குத் திட்டம் போட்டவர் என்று அபு சுபைதா சொன்னார். முக்தார் என்பது இந்த ஆளின் புனைபெயர் என்ற தகவல் 2001 ஆகஸ்ட் 28 அன்றே சி.ஐ.ஏ.வுக்கு வந்திருந்தது, யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. தகவல் கையில் இருந்தும் கவனிக்கப்படாமல் கிடந்தது என்பது இந்தக் கதை முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

அதே ஏப்ரலில், அமெரிக்காவில் நாசவேலைக்கு யோசனை சொன்ன ஓர் ஆளைப் பற்றியும் சொன்னார். முழுப்பெயர் சொல்லவில்லை, அடையாளம் சொன்னார். அதையும் வேறு இடங்களிலிருந்து வந்த தகவல்களையும் சேர்த்துப் பார்த்ததில் ஹோசே பதில்லா என்று தெரிந்தது. மே 8 அன்று சிகாகோ விமான நிலையத்தில் பதில்லா கைதானார். 'அணுக்கழிவு வெடிகுண்டு' திட்டம் என்று உலகமே பேசியது இதைத்தான். அந்தத் திட்டத்தின் பின்னால் இருந்தது, யுரேனியத்தை வாளியில் போட்டுச் சுழற்றினால் போதும் என்று கேலிக்காக எழுதி இணையத்தில் போட்ட ஒரு கட்டுரை. பதில்லா மேல் அந்தக் குற்றச்சாட்டு கடைசிவரை நீதிமன்றத்தில் வைக்கப்படவில்லை. தண்டனை பெற்றது வேறு குற்றங்களுக்கு.

எஃப்.பி.ஐ. காலத்தை முழுக்க வெள்ளையடிக்க வேண்டியதில்லை. சி.ஐ.ஏ.வின் வேறொரு அணி வந்த பிறகு, ஏப்ரலிலேயே தூக்கத்தைக் கெடுப்பது, நிர்வாணமாக வைப்பது, சத்தமாகப் பாட்டுப் போடுவது எல்லாம் தொடங்கிவிட்டன. கைதி வாயை மூடிக்கொண்டால் எஃப்.பி.ஐ.காரர்களை மறுபடி அனுப்புவார்கள். பேசத் தொடங்கினால் மறுபடி மற்றவர்கள் வருவார்கள். இந்த இழுபறி கொஞ்ச நாள் நடந்தது. இது சித்திரவதையின் எல்லையைத் தொடுகிறது என்று சூஃபான் எதிர்ப்புத் தெரிவித்து மே மாதம் கிளம்பிவிட்டார். எஃப்.பி.ஐ. இயக்குநர் ராபர்ட் முல்லர் தன் ஆட்களை அந்தத் திட்டத்திலிருந்தே விலக்கிக்கொண்டார்.

47 நாள் மௌனம்

அப்புறம் நடந்ததுதான் வெடிகுண்டுக் கதையை நம்புகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. ஜூன் 18 முதல் ஆகஸ்ட் 4 வரை, 47 நாள், அபு சுபைதாவைத் தனியறையில் போட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் யாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலைமையகத்தில் புது முறைகளுக்கு அனுமதி வாங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு தாக்குதல் நடக்கப்போகிறது, அதைப் பற்றி இவருக்குத் தெரியும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதுதான் வதைக்குச் சொல்லப்பட்ட நியாயம். கடிகாரம் அப்படி ஓடிக்கொண்டிருந்தால் 47 நாள் சும்மா விட்டது எப்படி? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எதையும் நான் படித்ததில்லை.

ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க நீதித்துறையின் சட்ட ஆலோசனைப் பிரிவிலிருந்து ஓர் ஆவணம் வந்தது. ஜான் யூ பெரும்பங்கு எழுதி, ஜே பைபீ கையெழுத்திட்டது. பத்து முறைகளுக்கு அதில் அனுமதி. சட்டையைப் பிடித்து இழுப்பது, சுவரில் மோதவைப்பது, கன்னத்தில் அறைவது, குறுகிய பெட்டியில் அடைப்பது, அந்தப் பெட்டிக்குள் பூச்சியை விடுவது, நாட்கணக்கில் தூங்கவிடாமல் வைப்பது, கடைசியாக வாட்டர்போர்டிங். சாய்வுப் பலகையில் ஆளைக் கட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, அதன்மேல் நீரூற்றுவதுதான் வாட்டர்போர்டிங். மூழ்குவது போன்ற உணர்ச்சி என்று எழுதுவார்கள். உணர்ச்சி என்ன உணர்ச்சி? மூச்சுக்குழாய்க்கு நடப்பது மூழ்குவதேதான். நேரம் பார்த்து நிறுத்துகிறார்கள், அவ்வளவு.

உறுப்பு செயலிழப்பது, சாவது போன்ற அளவுக்கு வலி இருந்தால்தான் அது சித்திரவதை என்றது அதே நாளில் வந்த இன்னோர் ஆவணம். அனுமதி தந்த ஆவணத்தில் ஒரு வரி உண்டு: நீங்கள் கொடுத்த விவரங்கள் மாறினால் இந்த ஆலோசனை பொருந்தாமல் போகலாம். இவர் மூன்றாவது அல்லது நான்காவது ஆள், தகவலை ஒளிக்கிறார் என்பது உறுதி என்று சி.ஐ.ஏ. கொடுத்த விவரங்கள்தான் அந்த அனுமதிக்கு அடித்தளம். அடித்தளம் பொய்த்த பிறகும் கட்டடம் நின்றது.

ஆகஸ்ட்

ஆகஸ்ட் 4 முற்பகலில் தொடங்கினார்கள். பேசாமல் உள்ளே வந்து, கட்டுப்போட்டு, முகத்தை மூடி, கழுத்தில் துண்டைச் சுற்றிச் சுவரில் மோதினார்கள். மாலை 6:20க்கு முதல் வாட்டர்போர்டிங். இரண்டரை மணி நேரம் நீடித்தது. இருமினார், வாந்தியெடுத்தார், உடலும் கைகாலும் தானாக வெட்டி இழுத்தன என்று அன்றைய பதிவு சொல்கிறது.

அடுத்த 20 நாள் கிட்டத்தட்ட இரவு பகலாக இதே வேலை. 83 முறை நீரூற்றினார்கள். இது எத்தனை அமர்வுகள் என்ற கணக்கு அல்ல, எத்தனை முறை ஊற்றினார்கள் என்ற கணக்கு என்று ஆதரவாளர்கள் திருத்துவார்கள். திருத்தம் சரிதான்; ஆனால் எண்ணிக் குறித்தவர்களும் அவர்களே. சவப்பெட்டி அளவிலான பெட்டியில் மொத்தம் 266 மணி நேரம், அதாவது 11 நாளும் 2 மணி நேரமும் அடைபட்டிருந்தார். 21 அங்குல அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட இன்னொரு சிறிய பெட்டியில் 29 மணி நேரம். இங்கிருந்து நீ வெளியே போக ஒரே வழி அந்தச் சவப்பெட்டி வடிவப் பெட்டிதான் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை முற்றிலும் உணர்விழந்து, திறந்த வாய் நிறைய நீரும் அதிலிருந்து எழும் குமிழிகளுமாகக் கிடந்தார். குண்டுக்காயம் ஒழுங்காகக் கவனிக்கப்படாமல் மோசமானது. விசாரணைதான் முதலில், வைத்தியம் பிறகு என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

ஆறு நாள் ஆவதற்குள் அங்கே இருந்த குழுவே எழுதிவிட்டது: நடக்கப்போகும் தாக்குதல் பற்றி இவருக்குப் புதிதாக ஏதும் தெரிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சிலர் தொண்டை அடைத்து அழும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றும், சிலர் இடமாற்றம் கேட்கக்கூடும் என்றும் தந்திகளில் பதிவாகியிருக்கிறது. தலைமையகம் நம்பவில்லை, இன்னும் ஒளிக்கிறார், தொடருங்கள் என்றது. இது சட்டப்படி சரிதானா என்று அங்கிருந்தவர்கள் எழுத ஆரம்பித்ததும், பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவின் தலைவர் ஹோசே ரோட்ரிகஸ், சட்டம் பற்றிய ஊகங்களையெல்லாம் எழுத்தில் வைக்காதீர்கள் என்று பதில் அனுப்பினார்.

கடைசி நாட்களில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி போதும். விசாரணையாளர் வாய் திறக்காமல் புருவத்தை உயர்த்துவார். அபு சுபைதா தானே மெல்ல நடந்துபோய்த் தண்ணீர் மேசையில் உட்கார்ந்துகொள்வார். விரலை இரண்டு முறை சொடுக்கினால் பலகையில் மல்லாந்து படுத்துக்கொள்வார்.

எது வெற்றி

இவ்வளவுக்கும் பிறகு, அமெரிக்காவில் நடக்கவிருந்த தாக்குதல் எதைப் பற்றியும் தகவல் வரவில்லை. எதை எடுப்பதற்காக இந்த முறைகளுக்கு அனுமதி வாங்கினார்களோ அது வரவில்லை. அப்படியிருக்க, தோல்வி என்று எழுதியிருக்க வேண்டும் இல்லையா?

எழுதவில்லை. வெற்றி என்று எழுதினார்கள். எங்கள் நோக்கம் அவரிடம் மறைத்துவைத்த தகவல் ஏதும் இல்லை என்று நாங்களே நம்பிக்கையோடு சொல்லும் நிலையை எட்டுவது. அதை எட்டிவிட்டோம் என்பது அந்தத் தந்தியின் சாரம். இனி பிடிபடும் முக்கியக் கைதிகளுக்கு இதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரையும் செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் அறமும் பலனும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. தகவல் இருக்கிறவனுக்கு வதையை நிறுத்த ஒரு வழி இருக்கிறது, சொல்லிவிடலாம். தகவல் இல்லாதவனுக்கு அந்த வழியும் இல்லை. தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது? எதிரே இருப்பவருக்கு அலுப்புத் தட்டும் வரைக்கும் தாங்குவது ஒன்றுதான் அவன் செய்யக்கூடியது. ஆகவே இந்த முறையின் அமைப்பே, குறைவாகத் தெரிந்தவன் அதிகமாக வதைபடுவான் என்பதாக இருக்கிறது. கொடியவன் ஒருவனைக் கொஞ்சம் அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அடி முடியும்போது அவன் யார் என்று தெரிகிறதே தவிர, தொடங்கும்போது தெரிவதில்லை.

2007இல் கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டானமோவில் நடந்த ராணுவ விசாரணையில் அபு சுபைதா சொன்னது எழுத்தில் இருக்கிறது. நீ மூன்றாவது ஆள் இல்லை, பங்காளியும் இல்லை, போராளிகூட இல்லை என்று தெரிந்துகொண்டோம், மன்னித்துவிடு என்று தன்னிடம் அவர்களே சொன்னதாக.

30 வினாடிக் கதை

மக்கள் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தது வேறு ஒரு கதையை. 2007 டிசம்பரில் ஜான் கிரியாக்கூ என்ற முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி தொலைக்காட்சியில் தோன்றி, வாட்டர்போர்டிங்கில் அபு சுபைதா 30, 35 வினாடிதான் தாங்கினார், மறுநாளே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றார். இது சித்திரவதைதான் என்று தனக்கு இப்போது தோன்றுகிறது என்றும் அதே பேட்டியில் சொன்னார். ஆனால் ஊர் முழுக்கப் பரவியது அந்த 30 வினாடிதான். 83 என்ற எண் 2009 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. தான் அந்த இடத்தில் இருக்கவே இல்லை, கேள்விப்பட்டதைச் சொன்னேன் என்று கிரியாக்கூ பிறகு ஒப்புக்கொண்டார். 'கிடுக்கிப்பிடி விசாரணையில் உண்மையைக் கக்கினார்' என்று ஒரு வரியில் முடிகிற செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த 30 வினாடி ஞாபகம் வரும்.

2006 செப்டம்பர் 6 அன்று அதிபர் புஷ் பேசியபோது, இந்த முறைகளால் அபு சுபைதா தந்த தகவல், செப்டம்பர் 11 சதியில் பங்குள்ளவராகத் தேடப்பட்ட ரம்ஸி பின் அல் ஷிப்பைப் பிடிக்க உதவியது என்றார். பின் அல் ஷிப் 2002 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் பிடிபட்டார். அந்தச் சோதனை வேறு ஆட்களைத் தேடி நடந்தது, அபு சுபைதா வாயிலிருந்து வந்தது அதற்குக் காரணமில்லை என்கிறது செனட் அறிக்கை. காலித் ஷேக் முகம்மதை அடையாளம் காட்டியது, பதில்லா விஷயம் ஆகிய இரண்டும் ஆகஸ்டுக்கு மாதங்கள் முன்பே வந்தவை என்பதை மேலே பார்த்தோம்.

செனட் அறிக்கை ஓர் எண்ணைத் தருகிறது. 2002 ஏப்ரல், மே மாதங்களில் அபு சுபைதாவிடமிருந்து கிடைத்த தகவலை வைத்து 95 உளவு அறிக்கைகள் அனுப்பப்பட்டன. அதில் கொஞ்ச நாள் அவர் உயிர்காக்கும் கருவியில் பேச முடியாமல் கிடந்தார். வதை நடந்த ஆகஸ்டும் அடுத்து வந்த செப்டம்பரும் சேர்த்து எத்தனை? 91. நான்கு குறைவு.

இந்த எண்ணை வைத்து அதிகம் ஆடக்கூடாது. அறிக்கையின் எண்ணிக்கை அதன் மதிப்பைச் சொல்லாது. முதல் கட்டம் முடிந்த பிறகுதான் இரண்டாவது கட்டம் வந்தது, எளிதில் வரக்கூடியது முன்பே வந்துவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். சி.ஐ.ஏ.வும் சும்மா இருக்கவில்லை. அறிக்கையின் முடிவுகளை 2013லேயே எழுத்தில் மறுத்தது. செனட் குழுவிலிருந்த குடியரசுக் கட்சியினரும் மறுப்பு எழுதினார்கள். விசாரணையாளர்களை நேரில் கூப்பிட்டுக் கேட்காமலேயே எழுதிய அறிக்கை என்பது அவர்கள் குறை. அது நியாயமான குறைதான். ஆனால் 2014 டிசம்பரில் சி.ஐ.ஏ. இயக்குநர் ஜான் பிரென்னன் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, வதைபட்டவர்களிடமிருந்து பயனுள்ள தகவல் வந்தது, ஆனால் வதையால்தான் வந்ததா என்பது அறியவே முடியாத விஷயம் என்றார். நிறுவனத்தைக் காப்பாற்ற வந்தவர் சொல்லக்கூடிய அதிகபட்சம் அது. அறியவே முடியாத ஒன்றுக்காகத்தான் ஒருவரை 266 மணி நேரம் பெட்டியில் வைத்தார்கள் என்று ஆகிறது.

எங்கிருந்து வந்த வித்தை

இந்த முறைகளை வகுத்துக்கொடுத்து, தாங்களே அறைக்குள் நின்று செய்தவர்கள் ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள். அதற்கு முன் உண்மையான விசாரணை ஒன்றைக்கூட அவர்கள் நடத்தியதில்லை. அமெரிக்க விமானப்படையின் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாங்குவது என்று சொந்த வீரர்களுக்குக் கற்றுத்தரும் பள்ளி அது. கொரியப் போரில் சீனர்களிடம் சிக்கிய அமெரிக்க விமானிகள், கிருமிப்போர் நடத்தினோம் என்று வாக்குமூலம் கொடுத்த அனுபவத்திலிருந்து கற்ற பாடங்கள் அதன் அடிப்படை. அதாவது, பொய் வாக்குமூலம் வாங்குவதில் கைதேர்ந்த முறைகளின் ஒத்திகையை எடுத்துக்கொண்டு உண்மை எடுக்கப் போனார்கள். இவர்கள் பின்னர் தொடங்கிய நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு கொடுத்தது 8 கோடியே 10 லட்சம் டாலர்.

அதே வகைப் பயிற்சியில் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. 500க்கும் மேற்பட்ட வீரர்கள் கலந்துகொண்டார்கள். உடலை வருத்தும் கடும் விசாரணைக்கும், அடி உதை இல்லாத விசாரணைக்கும் அவர்களை உட்படுத்தி, ஒரு நாள் கழித்து, உங்களை விசாரித்தவர் யார் என்று காட்டச் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் நல்ல வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்த்த முகம். கடும் விசாரணைக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோரால் சரியாகக் காட்ட முடியவில்லை. பயிற்சி பெற்ற, ஆரோக்கியமான, இது பயிற்சிதான் என்று தெரிந்த ஆட்களின் கதி இது. தூக்கம் இல்லாமல், ரணத்தோடு பெட்டிக்குள் கிடந்தவரிடம் ஒரு முகவரியையோ தேதியையோ நம்பி வாங்குவது எப்படி?

தவறான தகவலுக்கு என்ன விலை என்பதற்கு இதே காலத்து இன்னொரு கைதியைச் சொல்ல வேண்டும். இப்னு அல் ஷேக் அல் லீபி 2002 தொடக்கத்தில் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே குறுகிய பெட்டியில் அடைத்து, அடித்த பிறகு, ஈராக் அல் கொய்தா ஆட்களுக்கு ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக் போருக்கு ஆதரவாகப் பேசியபோது, பெயர் சொல்லாமல் இந்த வாக்குமூலத்தையும் எடுத்து வைத்தார். 2004இல் அல் லீபி அதை மறுத்தார். வதையை நிறுத்தவே சொன்னதாகக் கூறினார். 2009 மே மாதம் லிபியச் சிறையில் செத்துக் கிடந்தார்.

முன்கூட்டியே கேட்ட மன்னிப்பு

அறம் பற்றிப் பேசும்போது, அந்தக் காலத்துப் பதற்றத்தை மறக்கக்கூடாது, 3,000 பேர் செத்த சமயம், நல்லெண்ணத்தில் தவறிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. பதற்றம் உண்மைதான். ஆனால் கோப்பில் இருக்கும் இரண்டு விஷயங்கள் அந்த வாதத்துக்கு ஒத்துவரவில்லை.

ஒன்று: 2002 ஜூலையில், யார் மேலும் வழக்குப் போடமாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி தரும்படி நீதித்துறைக்கு அனுப்ப சி.ஐ.ஏ. வழக்கறிஞர்கள் ஒரு கடிதத்தை வரைந்திருக்கிறார்கள். செய்யப்போவது சாதாரண விசாரணைதான் என்று நம்புகிறவர்களுக்கு எதற்கு முன்ஜாமீன்?

இரண்டு: அதே மாதம் ரகசிய இடத்திலிருந்து ஒரு தந்தி போனது. கைதி இறந்துவிட்டால் உடலை எரித்துவிடலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. பிழைத்துக்கொண்டால், வாழ்நாள் முழுக்க வெளியுலகத் தொடர்பே இல்லாமல் தனிமையில் வைக்கப்படுவார் என்று நியாயமான உறுதி வேண்டும் என்று கேட்டார்கள். அப்படியே ஆகட்டும் என்ற தொனியில் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. தங்களுக்கு முன்னால் கிடக்கும் மனிதர் நாளைக்கு நடந்ததைச் சொல்லக்கூடாது என்பது, தொடங்குவதற்கு முன்னாலேயே திட்டத்தின் பகுதியாக இருந்திருக்கிறது.

ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தம் 1984இல் ஏற்கப்பட்டது. அமெரிக்கா 1994இல் அதை உறுதிசெய்தது. போர், போர் அபாயம், உள்நாட்டுக் குழப்பம், வேறு எந்த நெருக்கடி என்றாலும் சித்திரவதைக்கு நியாயம் ஆகாது என்கிறது அதன் இரண்டாவது பிரிவு. பதற்றமான காலத்தை நினைத்தே எழுதிய பிரிவு அது. அமைதியான காலத்துக்கு அப்படி ஒரு பிரிவு தேவையே இல்லை.

மாற்று வழி பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொய் வாக்குமூல வழக்குகளால் சந்தி சிரித்த பிறகு, 1990களின் தொடக்கத்தில் போலீஸ் விசாரணை முறையையே மாற்றினார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது குறிக்கோளாக இல்லாமல், நடந்தது முழுவதையும் சொல்லக் கேட்டுச் சரிபார்ப்பது குறிக்கோள் ஆனது. வற்புறுத்தல் இல்லாத விசாரணைக்கான சர்வதேச நெறிகளாக 2021இல் வந்த மெண்டஸ் கோட்பாடுகளும் அந்த வழியில் போகின்றன. அன்பாகப் பேசினால் எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலர் சொல்லமாட்டார்கள். சூஃபான் ஹானி என்று கூப்பிட்டதும் பாசத்தில் அல்ல. அதுவும் ஒரு தந்திரம்தான். ஆனால் பேசுகிற கைதி சொல்வதில் முரண் இருந்தால் மறுநாள் திரும்பக் கேட்கலாம். அவரே யோசித்துத் திருத்தலாம். விரல் சொடுக்கினால் படுத்துக்கொள்கிறவரிடம் எதைத் திரும்பக் கேட்பது?

அதற்குப் பிறகு

'மாதிரி' பரவியது. செனட் அறிக்கையின் கணக்கில் சி.ஐ.ஏ. காவலில் இருந்தவர்கள் 119 பேர். அவர்களில் 39 பேருக்கு இந்த முறைகள் பயன்பட்டன. குறைந்தது 26 பேர், சி.ஐ.ஏ.வின் சொந்த அளவுகோலின்படியே பிடித்துவைத்திருக்கக் கூடாதவர்கள். 2002 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் இருந்த முகாமில் குல் ரஹ்மான் என்ற கைதி, அரைநிர்வாணமாகத் தரையில் சங்கிலியிட்டு வைக்கப்பட்டு, குளிரில் விறைத்து இறந்தார். காலித் ஷேக் முகம்மதுக்கு 183 முறை நீரூற்றினார்கள். செப்டம்பர் 11 வழக்கு இத்தனை வருடம் இழுப்பதற்கு அந்த வதை ஒரு பெரிய காரணம். அமெரிக்கப் போர்க்கப்பலான யு.எஸ்.எஸ். கோல் மீதான தாக்குதல் வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட அல் நஷிரி 2007இல் கொடுத்த வாக்குமூலத்தை, முந்தைய சித்திரவதையின் நிழல் படிந்தது என்று சொல்லி 2023 ஆகஸ்டில் ராணுவ நீதிபதி தள்ளிவிட்டார். இறந்துபோன 17 மாலுமிகளின் குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன.

அதிபர் ஒபாமா 2009 ஜனவரி 22 அன்று இந்த முறைகளுக்குத் தடைபோட்டார். ராணுவக் கையேட்டில் இருப்பதைத் தாண்டி விசாரிக்கக் கூடாது என்று 2015இல் அது சட்டமாகவே ஆனது.

தாய்லாந்து விசாரணையைப் பதிவு செய்த 92 வீடியோ நாடாக்களை 2005 நவம்பரில் ரோட்ரிகஸின் உத்தரவின்பேரில் அழித்துவிட்டார்கள். யார் மேலும் வழக்கு இல்லை. மிட்செல், ஜெஸ்ஸன் இருவர் மேலும் வேறு கைதிகள் சார்பில் தொடுத்த வழக்கு 2017இல் சமரசத்தில் முடிந்தது. தாய்லாந்துக்குப் பிறகு அபு சுபைதாவை வைத்திருந்த இடங்களில் போலந்தும் லிதுவேனியாவும் உண்டு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014இல் போலந்தும் 2018இல் லிதுவேனியாவும் அவரது உரிமைகளை மீறியதாகத் தீர்ப்பளித்து, இழப்பீடு தரச் சொன்னது. போலந்தில் நடந்தது பற்றி மிட்செல்லையும் ஜெஸ்ஸனையும் சாட்சி சொல்ல வைக்க அவர் கேட்ட மனுவை, அரசு ரகசியம் என்று 2022 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

காவலில் இருந்த காலத்தில் அவருடைய இடது கண் போய்விட்டது. 2006 செப்டம்பரில் குவாண்டானமோவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் மேல் குற்றச்சாட்டு எதுவும் பதிவு செய்யவில்லை. விடுவிக்கவும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தனிமையில் வைத்திருக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் கேட்ட உறுதி, வழக்கறிஞர்களைச் சந்திக்கலாம் என்பது போன்ற சில மாற்றங்களோடு, பெருமளவு நிறைவேறிக்கொண்டிருக்கிறது.